எஸ்.எச்.பி.2 புரதமும் அதனை அடக்கும் இரசாயனப் பொருள்களும்

மனித உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆனது. இவ்வுயிரணுக்களுள் ஒன்றும் தன் விருப்பப்படி இயங்குவதில்லை. எப்பொழுது வளர்வது, எப்பொழுது இரண்டாகப் பிரிவது, எப்பொழுது வாளாவிருப்பது என்பனவற்றைப் பெரும்பாலும் பிற உயிரணுக்களிலிருந்து வரும் செய்திகளே முடிவு செய்கின்றன. தோலில் காயம் பட்டால் அவ்விடத்து உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றன. காயம் ஆறியதும் அப்பெருக்கம் நின்றுவிடுகிறது. தொடங்குவதற்கு ஒரு செய்தி தேவைப்படுவது போலவே, அச்செய்தி உரிய காலத்தில் ஓய்வதும் இன்றியமையாதது. ஓயாத செய்தியே பல புற்றுநோய்களுக்கு அடிப்படையாக அமைகிறது.

செய்தியின் வலிமையை உயிரணுவினுள் ஒழுங்குபடுத்தும் புரதங்கள் பல உள. அவற்றுள் எஸ்.எச்.பி.2 என்பது ஒன்று. மருந்தினால் இதனைக் கட்டுப்படுத்த இயலாது என்ற கருத்து ஆராய்ச்சியாளரிடையே நெடுங்காலம் நிலவியது. 2016-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி அக்கருத்தை மாற்றியது. அவ்வாராய்ச்சி வெற்றி பெற்ற விதமும், அதன்பின் எதிர்ப்பட்ட தடைகளும் ஒருங்கே அறியத்தக்கவை.

செய்தி உள்ளே புகும் வழி

உயிரணுவைச் சுற்றிக் கொழுப்பினாலாகிய மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் செய்திப் பொருள்களுள் பெரும்பாலானவை இச்சவ்வைக் கடந்து உள்ளே செல்வதில்லை. சவ்வில் பதிந்துள்ள ஏற்பிகள் என்னும் புரதங்களே அவற்றை எதிர்கொள்கின்றன. ஏற்பியின் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்றொரு பகுதி உயிரணுவினுள் இருக்கும். செய்திப் பொருள் வெளிப்பகுதியிற் பொருந்தியதும் உட்பகுதி வினை புரியத் தொடங்குகிறது. வந்தவர் வாயிலிலேயே நின்றுவிட, செய்தி மட்டும் வீட்டினுள் செல்வதை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

இத்தகைய செய்திப் பொருள்களுள் முதன்முதலாக அறியப்பட்டவற்றில் மேல்தோல் வளர்ச்சிக் காரணி ஒன்றாகும். அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி கோஹன் என்பவர் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது, அவற்றின் கண்ணிமைகள் வழக்கத்தைவிட முன்னதாகவே திறந்தன. இதற்குக் காரணமான புரதத்தை அவர் பிரித்தெடுத்தார். இவ்வாராய்ச்சிக்காக 1986-ஆம் ஆண்டில் ரீட்டா லெவி மொண்டால்சினி அம்மையாருடன் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

பாஸ்பேட் என்னும் குறி

ஏற்பியின் உட்பகுதி செய்தியை அடுத்த புரதத்திற்கு எவ்வாறு அறிவிக்கிறது? புரதங்கள் அமினோ அமிலங்கள் என்னும் சிறு கூறுகள் கோக்கப்பட்ட சங்கிலிகளாகும். டைரோசின் என்பது அக்கூறுகளுள் ஒன்று. ஏற்பி விழிப்புற்றதும், தன் உட்பகுதியிலுள்ள சில டைரோசின்களின்மீது பாஸ்பேட் தொகுதிகளைப் பதிக்கிறது. பாஸ்பேட் பதிந்த இடம், உரிய புரதங்கள் வந்து அமர்வதற்கான குறியிடமாகிறது. அஞ்சல் உறையின்மீது இடப்படும் முத்திரை போல, செய்தி எத்திசையிற் செல்ல வேண்டும் என்பதை இக்குறி காட்டுகிறது.

புரதத்தின்மீது பாஸ்பேட்டை ஏற்றுவதும் இறக்குவதும் உயிரணுவின் முக்கியமான கட்டுப்பாட்டு முறையென்று 1950-ஆம் ஆண்டுகளில் நிறுவியவர்கள் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இருவராவர். 1992-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இதற்காக அவர்களுக்கு அளிக்கப்பெற்றது. டைரோசின்மீது பாஸ்பேட் ஏறுவதை 1979-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் டோனி ஹண்டரும் அவருடைய துணைவர்களும் கண்டறிந்தனர்.

பாஸ்பேட்டை ஏற்றும் என்ஸைம்களுக்குக் கைனேஸ்கள் என்றும், இறக்கும் என்ஸைம்களுக்குப் பாஸ்பட்டேஸ்கள் என்றும் பெயர். டைரோசினிலிருந்து பாஸ்பேட்டை இறக்கும் குடும்பத்தில் மனித உடலில் ஏறத்தாழ 100 என்ஸைம்கள் உள. எஸ்.எச்.பி.2 இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

அணைக்கும் என்ஸைம் தூண்டுவது ஏன்?

கைனேஸ் செய்தியை எழுப்புவது எனின், பாஸ்பட்டேஸ் அதனை அணைப்பது என்று எண்ணுவது இயல்பு. எஸ்.எச்.பி.2 பற்றியும் அவ்வாறே பலர் எதிர்பார்த்தனர். ஆனால் உண்மை வேறாயிருந்தது. பழ ஈயில் இதற்கு நிகரான ‘கார்க்ஸ்குரு’ என்னும் மரபணு பற்றிய ஆராய்ச்சி 1992-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஈயின் கருவில் தலைமுனையும் வால்முனையும் உருவாவதற்கு ஓர் ஏற்பி காரணமாக இருக்கிறது. கார்க்ஸ்குரு பழுதுற்ற கருக்களில் அவ்வேற்பியின் செய்தி வலுவடைவதற்கு மாறாக நலிவுற்றது. ஆகவே இப்புரதம் செய்தியைத் தடுப்பதன்று, அதனைக் கொண்டுசெலுத்த உதவுவது என்பது புலனாயிற்று. பாலூட்டிகளிலும் நிலைமை இதுவே. எஸ்.எச்.பி.2 முற்றிலும் இல்லாத சுண்டெலிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன.

குறியை அழிக்கும் ஒரு பொருள் செய்திக்கு எவ்வாறு துணைபுரியக்கூடும்? எல்லாக் குறிகளும் செய்தியை முன்செலுத்துவன அல்ல என்பதே இதற்கு விடை. வளர்ச்சிச் செய்தியின் வழியில் ராஸ் என்னும் புரதம் ஒரு விசை போல அமைந்துள்ளது. அது சில சமயம் ஏற்றிய நிலையிலும் சில சமயம் இறக்கிய நிலையிலும் இருக்கும். ராஸை இறக்கிவிடும் புரதம் வந்து அமர்வதற்கென்றும் சில பாஸ்பேட் குறிகள் உண்டு. அவற்றை எஸ்.எச்.பி.2 அழித்துவிடுகிறது. தடுப்பவனுக்கு இருக்கை இல்லாமற் செய்வதால் செய்தி தடையின்றிச் செல்கிறது. எஸ்.எச்.பி.2 செய்திக்கு உதவும் வழிகளுள் இது ஒன்றாகும்.

தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் புரதம்

எஸ்.எச்.பி.2 ஏறத்தாழ 590 அமினோ அமிலங்களைக் கொண்டது. இதன் முற்பகுதியில் பாஸ்பேட் குறிகளைப் பற்றிக்கொள்ளும் பற்றுப்பகுதிகள் இரண்டு அடுத்தடுத்து உள்ளன. அவற்றிற்குப் பின்னே பாஸ்பேட்டை அகற்றும் வினைப்பகுதி அமைந்துள்ளது. வினைப்பகுதியில் ஒரு குழி உண்டு. பாஸ்பேட் ஏறிய டைரோசின் இக்குழியினுள் நுழையும்போதுதான் வினை நிகழ்கிறது.

இப்புரதத்தின் முழு வடிவத்தை 1998-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் எக்ஸ் கதிர்களின் உதவியால் 2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் வரைந்து காட்டினர். ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரில் 10 கோடியில் ஒரு பங்கு. அவர்கள் கண்டது வியப்பிற்குரியதாயிருந்தது. வாளாவிருக்கும் நிலையில், புரதத்தின் முதற் பற்றுப்பகுதியே மடங்கி வந்து வினைக்குழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதாவது, இப்புரதம் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது.

இப்பூட்டின் திறவுகோல் ஏற்பியினிடத்தே உள்ளது. ஏற்பியோ அதனைச் சார்ந்த புரதமோ பாஸ்பேட் குறிகளைப் பெற்றதும், பற்றுப்பகுதிகள் அக்குறிகளைப் பிடிக்கின்றன. அப்பொழுது முதற் பற்றுப்பகுதி குழியினின்றும் விலகுகிறது, குழி திறக்கிறது, வினை தொடங்குகிறது. குறிகள் நீங்கியதும் புரதம் மீண்டும் மூடிக்கொள்கிறது. செய்தி இருக்கும் வரையில் வேலை, செய்தி ஓய்ந்ததும் ஓய்வு என்னும் ஒழுங்கு, புரதத்தின் வடிவத்திலேயே அமைந்துகிடக்கிறது.

பூட்டு திறந்தே இருக்குமாயின்

இவ்வொழுங்கு சிதைவதால் நேரும் விளைவுகள் சில நோய்களில் தெளிவாகக் காணப்படுகின்றன. குள்ளமான உருவம், தனிப்பட்ட முக அமைப்பு, இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் வழியிலுள்ள வால்வு குறுகியிருத்தல் ஆகியவை ஒருங்கே அமைந்த குழந்தைகளைப்பற்றி இதய மருத்துவர் ஜாக்குலின் நூனன் அம்மையார் 1963-ஆம் ஆண்டில் விவரித்தார். நூனன் நோய் என வழங்கும் இக்குறைபாடு, 1,000 முதல் 2,500 வரையிலான பிறப்புகளில் ஒன்றில் காணப்படுவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. எஸ்.எச்.பி.2-க்கு உரிய மரபணு 12-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அதில் ஏற்படும் மாறுதல்களே நூனன் நோயுற்றவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் என்பது 2001-ஆம் ஆண்டிலிருந்து அறியப்பட்டது. மாறுதல்களுள் பல, முதற் பற்றுப்பகுதியும் வினைப்பகுதியும் ஒன்றையொன்று தொடும் இடத்திலேயே நிகழ்கின்றன. பூட்டு தளர்ந்துவிடுவதே இதன் பொருளாகும்.

சிறு குழந்தைகளைத் தாக்கும் ஒருவகை இரத்தப் புற்றுநோயில், நோயாளிகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரிடம் இம்மரபணு மாறியிருப்பது 2003-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இங்கு மாறுதல்கள் இன்னும் கடுமையானவை. எடுத்துக்காட்டாக, 76-ஆவது இடத்திலுள்ள குளுட்டாமிக் அமிலம் எதிர்மின் ஏற்றமுடையது. அதற்குப் பதிலாக நேர்மின் ஏற்றமுடைய லைசின் அமையுமானால் பூட்டு பெரும்பாலும் திறந்தே இருக்கும்.

பரம்பரைக் காரணமின்றி, வெளியிலிருந்து வரும் கிருமியும் இப்பூட்டைத் திறக்கக்கூடும். ஹெலிகோபேக்டர் பைலோரி என்பது மனிதரின் இரைப்பையில் வாழும் பாக்டீரியா. இந்தியாவிலும் இது பரவலாகக் காணப்படுவதாகும். இரைப்பைப் புண்ணுக்கு இது காரணமாவதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகியோர் 2005-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். இக்கிருமியின் சில வகைகள் காக்-ஏ என்னும் புரதத்தை இரைப்பை உயிரணுக்களினுள் செலுத்துகின்றன. உள்ளே சென்ற காக்-ஏ பாஸ்பேட் குறிகளைப் பெற்று, எஸ்.எச்.பி.2-ஐப் பற்றித் திறந்துவிடுகிறது என்பதை ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக் கழகத்தார் 2002-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். கிழக்கு ஆசியாவிற் காணப்படும் காக்-ஏ இவ்வாறு பற்றுவதில் மேல்நாட்டு வகையைவிட வலிமை மிக்கது. இரைப்பைப் புற்றுநோயின் தோற்றத்தில் இவ்வினைக்குப் பங்கு உண்டென்று கருதப்படுகிறது.

முதல் முயற்சிகள்

இத்துணைத் தீங்குகட்குக் காரணமாகும் என்ஸைமை அடக்கும் இரசாயனப் பொருள் ஒன்றைக் காண வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது இயற்கையே. வினைக்குழியை அடைத்துவிடுவதே நேரான வழியாகத் தோன்றியது. வனேடியம் என்னும் உலோகத்திலிருந்து பெறப்படும் வனேடேட் உப்பு, வடிவில் பாஸ்பேட்டைப் பெரிதும் ஒத்திருப்பதால் குழியினுட் புகுந்து என்ஸைமை நிறுத்திவிடுகிறது. ஆயினும் அது இக்குடும்பத்தின் என்ஸைம்கள் எல்லாவற்றையும் வேறுபாடின்றி நிறுத்துவதால், ஆய்வுக்கூடத்திற்குப் பயன்படுமேயன்றி இந்நோய்க்கு மருந்தாகாது.

இவ்வழியில் இரண்டு இடையூறுகள் இருந்தன. பாஸ்பேட் எதிர்மின் ஏற்றம் மிக்கது. அதனை ஏற்கும் குழி நேர்மின் ஏற்றம் உடையது. ஆகவே குழியிற் பொருந்தும் மருந்தும் எதிர்மின் ஏற்றம் பெற்றிருக்க வேண்டும். மின் ஏற்றம் மிகுந்த பொருள்களோ உயிரணுவின் கொழுப்புச் சவ்வை எளிதிற் கடப்பதில்லை. கண்ணாடிக் குழாயில் திறம்பட வேலை செய்த பொருள் உயிரணுவின் வாயிலிலேயே நின்றுவிட்டது.

இரண்டாவது இடையூறு இதனினும் கடுமையானது. ஏறத்தாழ 100 என்ஸைம்களின் குழிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றவை. 2006-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட என்.எஸ்.சி.-87877 என்னும் பொருள் எஸ்.எச்.பி.2-ஐ அடக்கியது, ஆனால் அதன் உடன்பிறப்புப் போன்ற எஸ்.எச்.பி.1-ஐயும் ஏறக்குறைய அதே அளவில் அடக்கிற்று. எஸ்.எச்.பி.1 பெரும்பாலும் இரத்த உயிரணுக்களில் இருந்து அவற்றின் செய்திகளைத் தணிக்கும் பணியைச் செய்வது. ஒன்றைத் தூண்டுவதும் மற்றொன்றைத் தணிப்பதுமாகிய இரு புரதங்களை ஒரே மருந்து நிறுத்துமாயின், பயன் யாது, தீங்கு யாது என வரையறுப்பது அரிது.

பூட்டை வலுப்படுத்தும் மருந்து

இந்நிலையில், அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள நோவார்ட்டிஸ் ஆராய்ச்சி நிலையத்தார் வேறொரு வழியை நாடினர். குழியை அடைக்க முயல்வதைவிட, புரதம் தானாகவே மேற்கொள்ளும் மூடிய நிலையை நிலைபெறச் செய்தால் என்ன என்பதே அவர்கள் எண்ணம்.

இதற்கேற்பச் சோதனை முறையும் திட்டமிடப்பட்டது. இரண்டு பாஸ்பேட் குறிகள் கொண்ட ஒரு சிறு புரதத் துண்டினால் முழு எஸ்.எச்.பி.2-ஐ அரைகுறையாகத் திறந்துவைத்து, அந்நிலையில் அதனை அடக்கும் இரசாயனப் பொருள்களைத் தேடினர். கிடைத்த பொருள்களைப் பற்றுப்பகுதிகள் நீக்கப்பட்ட தனி வினைப்பகுதியின்மீதும் சோதித்தனர். அதனையும் அடக்குமாயின், அப்பொருள் வினைக்குழியைத் தாக்குவது எனக் கண்டு விலக்கினர். முழுப் புரதத்தை அடக்கி, தனி வினைப்பகுதியைத் தொடாது விடும் பொருள்களே வேண்டப்பட்டவை.

இங்ஙனம் கிடைத்த ஒரு பொருளைப் படிப்படியாகத் திருத்தியமைத்து எஸ்.எச்.பி.099 என்பதை உருவாக்கினர். 2016-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் இது அறிவிக்கப்பெற்றது. இதன் மூலக்கூற்று எடை 352 மட்டுமே. அது அடக்கும் புரதத்தின் எடையோ ஏறத்தாழ 68,000. ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 25 மைக்ரோகிராம் அளவு இருந்தாலே புரதத்தின் வினை பாதியாகக் குறைகிறது. எஸ்.எச்.பி.1-ஐ இது பாதிப்பதில்லை.

எக்ஸ் கதிர் ஆராய்ச்சி இதன் காரணத்தை விளக்கியது. புரதம் மூடியிருக்கும்போது, இரண்டு பற்றுப்பகுதிகளும் வினைப்பகுதியும் சந்திக்கும் நடுவிடத்தில் ஒரு சுரங்கம் போன்ற இடைவெளி உண்டாகிறது. எஸ்.எச்.பி.099 அதனுள் அமர்ந்து மூன்று பகுதிகளையும் பசை போல ஒட்டவைக்கிறது. புரதம் திறந்துவிட்டால் அவ்விடைவெளி கலைந்துவிடும். ஆதலின் மருந்து மூடிய வடிவத்தையே பற்றுகிறது. வினைக்குழியிற் பொருந்த வேண்டிய கட்டாயம் இன்மையால் மிகுந்த எதிர்மின் ஏற்றமும் தேவையில்லை. சவ்வைக் கடப்பது எளிதாயிற்று. வாய்வழி கொடுக்கப்பட்டபோதே சுண்டெலிகளில் சில புற்றுக்கட்டிகளின் வளர்ச்சியை இது தடுத்தது.

நோயாளிகளிடம் நடந்த சோதனைகள்

இதே வழியில் உருவாக்கப்பட்ட டி.என்.ஓ.155 என்னும் மருந்தை மனிதர்க்குக் கொடுத்துப் பார்க்கும் முதற் சோதனை 2017-ஆம் ஆண்டில் தொடங்கியது. பிற நிறுவனங்களின் மருந்துகளும் தொடர்ந்து வந்தன. முடிவுகள் மிதமாகவே இருந்தன. தனியே கொடுக்கப்பட்டபோது, சில நோயாளிகளிடம் நோய் ஒரு காலத்திற்கு மேலும் பரவாது நின்றது. ஆயின் கட்டிகள் கணிசமாகச் சுருங்குவது அரிதாயிருந்தது. கைகால் வீக்கம், வயிற்றுப்போக்கு முதலிய பக்க விளைவுகளும் காணப்பட்டன. நலமுள்ள உயிரணுக்களுக்கும் எஸ்.எச்.பி.2 தேவை என்பதனால் இது எதிர்பாராததன்று.

ஆகவே பிற மருந்துகளுடன் இணைத்துக் கொடுக்கும் முறை இன்று முதன்மை பெற்றுள்ளது. நுரையீரலின் சுரப்பித் திசுவில் தோன்றும் புற்றுநோய்களுள் மேல்நாடுகளில் சுமார் 13 சதவீதத்தில், கே-ராஸ் என்னும் புரதத்தின் 12-ஆவது அமினோ அமிலமான கிளைசின் சிஸ்டீனாக மாறியிருக்கிறது. இதனை அடக்கும் சோட்டோராசிப் என்னும் மருந்துக்கு அமெரிக்க அரசாங்கம் 2021-ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. இம்மருந்து ராஸ் இறக்கிய நிலையில் இருக்கும்போதுதான் அதனைப் பற்றக்கூடும். ஆனால் அடக்கப்பட்ட உயிரணுக்கள் தம் ஏற்பிகளை மேலும் தூண்டி, ராஸை மீண்டும் ஏற்றிய நிலைக்குத் தள்ள முயல்கின்றன. அம்முயற்சிக்கு எஸ்.எச்.பி.2 தேவை. அதனையும் உடன் அடக்கினால், ராஸ் இறக்கிய நிலையிலேயே நெடிது தங்குகிறது. முதல் மருந்தின் பிடியும் இறுகுகிறது. இக்கருத்தின் அடிப்படையில் அமைந்த மூன்றாங் கட்டச் சோதனை ஒன்று 2024-ஆம் ஆண்டில் சீனாவில் தொடங்கப்பெற்றது.

மருந்தின் எல்லைகள்

மூடிய வடிவத்தைப் பற்றுவது இம்மருந்துகளின் சிறப்பு. அதுவே அவற்றின் குறையுமாகும். பூட்டு மரபணு மாறுதலால் தளர்ந்து, புரதம் பெரும்பாலும் திறந்தே கிடக்குமாயின், மருந்து அமர இடமில்லை. மேலே கூறிய 76-ஆவது இடத்து மாறுதல் கொண்ட புரதத்தின்மீது எஸ்.எச்.பி.099-இன் ஆற்றல் பெரிதும் குன்றிவிடுகிறது. அதாவது, எக்குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் இப்புரதத்தின் பழுதினாலேயே விளைகிறதோ, அவர்களுள் பலருக்கு இம்மருந்து எளிதிற் பயன்படுவதில்லை. ஏற்பிகள் அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, புரதம் இயல்பான வடிவில் இருக்கும் நோய்களிலேயே அது மிகுந்த பயனை அளிக்கக்கூடும்.

செய்தி வழியில் எஸ்.எச்.பி.2-க்குக் கீழேயுள்ள ஒரு புரதம் தானாகவே இயங்கத் தொடங்கிவிட்ட புற்றுநோய்களிலும் இம்மருந்து பயனளிப்பதில்லை. உள்ளே மூண்ட தீயை வாயிலைச் சாத்தி அணைக்க இயலாதன்றோ! ஆதலின் எந்நோயாளியின் கட்டியில் எப்புரதம் பழுதுற்றுள்ளது என்பதை முன்னரே ஆராய்ந்தறிவது இச்சிகிச்சைக்கு முற்படு தேவையாகும்.

இம்மருந்துகளின் எதிர்காலம் எவ்வாறாயினும், இவ்வாராய்ச்சி நிறுவிய உண்மை ஒன்று நிலைத்து நிற்கும். என்ஸைமை அடக்குவதற்கு அதன் வினைக்குழி ஒன்றே வழியன்று. இயற்கை அப்புரதத்தைத் தன் முறையில் எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை முதலில் அறிந்தால், அக்கட்டுப்பாட்டிற்கே துணைநிற்கும் மருந்தைத் தேட இயலும். 1998-ஆம் ஆண்டில் வடிவத்தை வரைந்தவர்களின் பணி, 18 ஆண்டுகள் கழித்து மருந்தைத் தேடியவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. பழ ஈயின் கருவையும் இரைப்பைக் கிருமியையும் பிறவிக் குறையுள்ள குழந்தைகளையும் தனித்தனியே ஆராய்ந்தவர்களின் முடிவுகள் யாவும் இறுதியில் ஒரே புரதத்தில் வந்து கூடின. உடனடிப் பயன் கருதாத அடிப்படை ஆராய்ச்சிக்கும் மருத்துவத்திற்கும் உள்ள தொடர்பை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்றுகள் சிலவே.